சிரட்டைக்குக் கீழே ஈரம்

செடி பொய் சொல்லாது என்று நான் மேடையில் சொன்னபோது, என் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான். போடிநாயக்கனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஏலக்காய் விவசாயிகள் கூட்டம் அது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். என் தங்கச்சி என்று சொல்லியிருப்பான். அவன் பொய் சொன்னதைக்கூட என்றாவது ஒருநாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்தக் கைதட்டலை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். ஏலச் செடி தண்ணீர் இல்லாதபோது உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. சொந்த ஊர் சிலமலை. எங்கள் வீட்டுச் சோறு முழுக்க மலையிலிருந்து வந்ததுதான். போடிமெட்டைத் தாண்டி, கேரளத்துப் பக்கம் இறங்கும் சரிவில் எங்களுக்கு ஒரு ஏலத்தோட்டம் உண்டு. அப்பா போன பிறகு அண்ணன் பார்க்கிறான். அதை ஒட்டிய சரிவு சித்தப்பாவுடையது. நான் பள்ளிக்கூடம் முடித்த கையோடு எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, அவள் படிக்கட்டும் என்று ஒற்றை ஆளாக நின்று சொன்னவன் அண்ணன். கல்லூரியில் சேர்க்க என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்சில் வந்தவனும் அவன்தான். இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று விளங்காது.

என் வேலை என்னவென்று அவனுக்கு நான்தான் விளக்கினேன், ஒரு தடவை அல்ல, பல தடவை. ஒருநாள் சாப்பிடும்போது மதினி பரணில் இருந்து பெரிய அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தாள். அதைக் காட்டியே சொன்னேன். செடிக்குள் மரபணுக்கள் எப்போதும் எல்லாமே இருக்கும், பரணில் பாத்திரங்கள் இருப்பதைப் போல. எல்லாப் பாத்திரமும் எல்லா நாளும் கீழே வராது. எது இறங்குகிறது என்று பார்த்தால் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்லிவிடலாம். தண்ணீர் வற்றினால் செடி சில மரபணுக்களை இறக்கும். இலையில் உள்ள சின்னச் சின்னத் துளைகளை மூடச் சொல்லும், வேரை ஆழமாகப் போகச் சொல்லும், உள்ளே இருக்கும் ஈரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்லும். அந்த உத்தரவுகளை இலைக்குள்ளிருந்தே எடுத்து எண்ணிப் பார்ப்பதுதான் என் சோலி. அண்ணன் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே கேட்டான். அப்போ செடி தவிக்கும்போதுதான் உனக்குப் படிப்பு என்றான். ஆமாம் என்றேன். அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. புரியாமல் செய்தான் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வர வேண்டாம்.

தோட்டத்தில் ஒரு மூலையை எனக்கென்று விட்டுக்கொடுத்தான். ஒரே தாய்த்தூரில் இருந்து பிரித்து நட்ட தூர்கள் அவை. ஏலத்தில் அது வழக்கம். நன்றாகக் காய்க்கிற தூரின் தட்டைகளை, அதாவது வேரோடு கூடிய தண்டுகளை, பெயர்த்து வேறு குழியில் வைத்தால், பிள்ளையும் தாயும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். எனக்கு அதுதான் வேண்டும். பிறப்பில் வித்தியாசமே இல்லாத செடிகளில் பாதிக்குத் தண்ணீர், பாதிக்குக் கிடையாது. தண்ணீர் பெறும் தூருக்கு வெள்ளைத் துணியும், பெறாத தூருக்குச் சிவப்புத் துணியும் கட்டினேன். கோடை முடியும்வரை சிவப்புத் துணிக்குத் தண்ணீர் போகக் கூடாது, செத்தாலும் பரவாயில்லை என்று அண்ணனிடம் சொன்னேன்.

"நான் இருக்கேன்ல. ஒரு சொட்டு போகாது" என்றான்.

கோடை என்றால் மலையிலும் கோடைதான். ஓடைகள் நூலாகிவிடும். தார்ப்பாய் விரித்து மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் குளத்தை அங்கே படுதாக்குளம் என்பார்கள். அதில் இருப்பதை ஓஸ் போட்டு அளந்து அளந்துதான் செடிக்கு விடுவார்கள். அந்த நேரத்தில்தான் நான் இலை எடுக்கப் போவேன். வெட்டிய இலை சும்மா இருக்காது. வெட்டுப்பட்டது தெரிந்து அதற்கும் ஓர் உத்தரவு போட ஆரம்பித்துவிடும். அதனால் வெட்டிய கையோடு உறைய வைக்க வேண்டும். அதற்கென்று திரவ நைட்ரஜன் நிரப்பிய ஒரு கேனை மதுரையில் இருந்து மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டு கொண்டைஊசி வளைவுகளில் ஏறுவேன். போடிமெட்டு செக்போஸ்ட்டில் மூடியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். குபுகுபுவென்று புகை வந்ததும் போலீஸ்காரர் இரண்டடி பின்னால் போவார். ஒருவர் பால் கேனா என்று கேட்டார். அங்கேயே நின்று ஒரு சின்ன வகுப்பு எடுத்துவிட்டுத்தான் போக முடியும்.

அண்ணனுக்கு இன்ன தேதிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே போன் பண்ணுவேன். அவன் ஜீப்பு ஏற்பாடு செய்வான், மதினி மீன் குழம்பு வைப்பாள். இலை எடுக்கும்போது அண்ணன் கூடவே நின்று கேனின் மூடியைப் பிடித்துக்கொள்வான். மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. அதன் முள் நாலு விரல் நீளம். சிவப்புத் துணித் தூரடியில் குத்தினால் வறட்சி என்றே காட்டும். பார்த்தாயா, பொடிமண்ணாகக் கிடக்கிறது என்பான் அண்ணன், ஏதோ அவனே காயவைத்தது போல.

முதல் கோடையின் இலைகளை ஆய்வகத்தில் அரைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தாகத்தில் கத்த வேண்டிய மரபணுக்கள் எல்லாம் கம்மென்று இருந்தன. வெள்ளைத் துணிக்கும் சிவப்புத் துணிக்கும் வித்தியாசமே இல்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். மருந்துகளை மாற்றினேன், எந்திரத்தைச் சந்தேகப்பட்டேன், இன்னொரு மாணவியை உட்கார வைத்து அவள் கையால் செய்யச் சொன்னேன். அதே பதில்தான் வந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியை, நீ இலையை மாற்றி எடுத்திருப்பாய் என்று பட்டென்று சொல்லிவிட்டார். அன்றைக்கு விடுதிக்குப் போய் அழுதேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அண்ணனைத் தவிர.

இரண்டாவது கோடை இன்னும் மோசம். மலையே காய்ந்தது. அடுத்தடுத்த தோட்டங்களில் தூர்கள் வைக்கோலாகச் சாய்ந்து கிடந்தன. சித்தப்பாவின் சரிவில் அவர் பல வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது முக்கால்வாசி போய்விட்டது. எங்கள் தோட்டத்தின் என் மூலை மட்டும் பச்சையாக நின்றது, சிவப்புத் துணியோடு. அந்த இலைகளைப் பார்த்தபோதும் உள்ளே அதே அமைதி. இந்த முறை பேராசிரியையின் முகம் மாறியது. தண்ணீர் இல்லாமலும் கலங்காத செடி என்றால் அது சாதாரணச் செடி இல்லை என்றார். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தேன். நினைக்க ஆசையாக இருந்தது. எங்கள் தோட்டத்தில், என் அண்ணன் பெயர்த்து நட்ட தூரில் அப்படி ஒன்று ஒளிந்திருந்ததாக நினைக்க யாருக்குத்தான் ஆசை வராது.

கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது அதைத்தான் பேசினேன். இன்னும் சோதனை பாக்கி இருக்கிறது என்று சொன்னேன்தான். ஆனால் கோடையில் தோட்டத்தைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர்களின் காதில் அதுவா விழும். கூட்டம் முடிந்ததும் அண்ணனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். எல்லாரையும் விலக்கிக்கொண்டு சித்தப்பா வந்தார். தன் சரிவு முழுக்க இதையே வைக்கப் போகிறேன், தட்டை கொடு மகனே என்று அண்ணனின் கையைப் பிடித்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

ஆனி மழைக்குச் சித்தப்பா நட்டார். நானும் ஒருநாள் போய்க் குழியில் மண் தள்ளிவிட்டு வந்தேன். அவருடைய படுதாக்குளத்தின் தார்ப்பாய் கிழிந்து, இருந்த தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தது. புதுப் படுதா போடவில்லையா சித்தப்பா என்று கேட்டேன். இந்தச் செடிக்கு என்ன அவசரம், அடுத்த வருஷம் போட்டுக்கலாம் என்றார். அப்போது அண்ணன் பக்கத்தில்தான் மண்வெட்டியோடு நின்றான். குளத்தைப் போடுங்க சித்தப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து மண்ணை வெட்டினான்.

அந்த மழையில் நானும் சில தட்டைகளை மதுரைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஆய்வகத்தில் மலைக்குளிர் போலவே வைத்திருக்கும் ஓர் அறை உண்டு. அதில் தொட்டிகளில் வைத்து வளர்த்தேன். நன்றாகத் துளிர்த்தன. தை கழிந்ததும் தண்ணீரை நிறுத்தினேன். இந்தச் செடி கலங்காது என்ற நம்பிக்கையில், மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே எட்டிப் பார்த்தேன். அவை கலங்கின. இலை சுருண்டது, நுனி காய்ந்தது. உள்ளே எடுத்துப் பார்த்தால் தாகத்துக்கான எல்லா மரபணுவும் பரணில் இருந்து தடதடவென்று இறங்கியிருந்தது. எந்த ஒரு சாதாரண ஏலச் செடியும் தாகத்தில் செய்வதை அச்சு பிசகாமல் செய்திருந்தது. அதே தாயின் பிள்ளை, அதே மரபணு. மலையில் கலங்காதது இங்கே ஏன் கலங்குகிறது என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, என்னிடம்கூட.

மாசிக் கடைசியில் ஒருநாள், அண்ணனிடம் சொல்லியிருந்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே, போன் பண்ணாமல் கிளம்பினேன். கேன் இல்லை, வெறுங்கை. அண்ணனிடம் ஜீப்பு கேட்க முடியாதே, அதனால் விடிகாலையில் சிலமலையில் இருந்து தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினேன். எங்கள் தோட்டத்துக்கு வருகிற அக்கா ஒருத்தி, பல வருஷமாகக் காய் எடுக்கிறவள், என்னைப் பார்த்ததும் மடியில் இருந்த தூக்குச்சட்டியை இடம் மாற்றி உட்காரவைத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் முகம் சங்கடப்பட்டது.

"தாயி, நீங்க அடுத்த வாரந்தான் வருவீகன்னு அண்ணே சொல்லுச்சு. நேத்துக்கூட செவப்புத் துணிக்கெல்லாம் ஊத்திட்டமே. இப்பப் போயி பாத்தா அடியில காஞ்சிருக்காதே."

ஜீப்பு ஒரு கொண்டைஊசி வளைவில் திரும்பியது. எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தோம். நான் அவள் தோளில் முகத்தை வைத்தபடி, எப்போதும் எப்படி ஊற்றுவீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொல்லிவிட்ட மாதிரியேதான். குழாய்க்குள்ள ஒரு செம்பு. நீங்க வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி நிப்பாட்டிருவோம். மேமண்ணுல ஒரு பொட்டு சிந்த விடுறதில்ல தாயி."

நான் சொல்லிவிட்ட மாதிரி. என் பேரைச் சொல்லித்தான் ஊற்ற வைத்திருக்கிறான். அந்தப் பெண்கள் அதை என் படிப்புக்கான முறை என்றே நம்பி, எனக்காக ஒரு பொட்டுச் சிந்தாமல் கண்ணும் கருத்துமாகச் செய்திருக்கிறார்கள். அவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது. ரொம்ப நன்றி அக்கா என்றேன். அவள் முகம் தெளிந்தது.

தோட்டத்தில் இறங்கி நேராக என் மூலைக்குப் போனேன். முதல் சிவப்புத் துணித் தூரடியில் சருகை விலக்கினேன். ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்தேன். கீழே ஒரு சாண் நீளத்துக்கு மண்ணுக்குள் இறக்கிய பிளாஸ்டிக் குழாயின் வாய். ஒரு குச்சியை விட்டு எடுத்தேன். ஈரம். அடுத்த தூருக்குப் போனேன். அங்கேயும் சிரட்டை, குழாய், ஈரம். எல்லாத் தூரும் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் ஒன்று விடாமல் பார்த்தேன். வேருக்கு நேராகத் தண்ணீர் போகும், மேல்மண் பொடியாகவே கிடக்கும், என் கருவியின் நாலு விரல் முள் அங்கே எட்டாது. கருவியைக் கையில் கொடுத்து இதன் முள் எவ்வளவு ஆழம் போகும் என்று அவனுக்குக் காட்டியதே நான்தான். குளம் வற்றுகிற வருஷங்களில் தண்ணீரை மிச்சம் பிடிக்க மலைக்காரர்கள் செய்கிற வேலை இது. நல்ல வேலைதான். அதை என் கண்ணில் மண்ணைத் தூவப் பயன்படுத்தியிருந்தான்.

அண்ணன் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் இருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். பிறகு என் கையில் இருந்த சிரட்டையைப் பார்த்தான். சிரிப்பு போனது. சிரட்டையை அவன் காலடியில் போட்டேன்.

"நான் எங்க பாய்ச்சுனேன்? உசுர்த்தண்ணி ஒரு செம்பு விட்டேன். கண்ணு முன்னாடி தூரு தொவளுறதப் பாத்துக்கிட்டு கையக் கட்டி நிக்கச் சொல்றியா? அம்புட்டும் செத்துப்போனா உன் படிப்பு என்னாகும்?" என்றான்.

மலையில் அது ஒரு வழக்கம். கோடையில் சாகப் போகிற தூருக்கு ஒரு செம்பு ஊற்றினால் அதைத் தண்ணீர் பாய்ச்சியதாக யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதை விருந்து என்று சொல்லமாட்டோம் அல்லவா, அது போல. அவனை நம்பி விட்ட செடி சாகக் கூடாது. செத்தால் அவனுக்கு அவமானம், எனக்கு நஷ்டம். ஏலக்காரனின் புத்தி அப்படித்தான் ஓடும். அந்த நிமிஷம் எனக்கும் ஒரு கணம் மனது இளகியது. அப்படியே விட்டிருந்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன்.

"அப்ப சிரட்டையப் போட்டு மூடுனது எதுக்கு?" என்றேன்.

அவன் குனிந்து சிரட்டையை எடுத்தான். ஸ்டோருக்குள்ளிருந்து காய் காயும் வாசனை வந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால் உன்னைத் தலைகுனிய வைக்கவா என்றான். கூட்டம் முடிந்து வீட்டில் சொல்லியிருக்கலாமே என்றேன். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்றான். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தான், எல்லாப் பதிலும் எனக்காகவே இருந்தது. சித்தப்பா கையைப் பிடித்துக் கேட்டபோது எனக்காகவா தட்டை கொடுத்தாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் எனக்காக என்று அவன் சொல்லவில்லை.

"நீ சொன்னல்ல. படிச்சவ, மிஷின்ல வச்சுப் பாத்துட்டு சொல்ற. ஒரு செம்புத் தண்ணியிலயா அது நின்னுருக்கும்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு. தானாத்தான் நின்னுச்சுன்னு நானும் நம்பிட்டேன் ஆத்தா."

எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. அவன் என் காதில் பூச்சுற்றினான். நான் அந்தப் பூவை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அரைத்து, எண்ணி, மேடையேறி அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவன் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அப்போது பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. உண்மையாகவே நம்பியிருக்கிறான். குழாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நம்பியிருக்கிறான்.

இலை எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருந்தது. எனக்குத் தாகம் இல்லை என்று இரண்டு கோடை முழுக்கச் சொல்லியிருந்தது. தண்ணீர் குடித்த செடி வேறு எதைச் சொல்லும். நான்தான் அண்ணனின் ஒரு சொட்டு போகாது என்ற வார்த்தையைப் பக்கத்தில் வைத்து, அந்த உண்மையைத் தலைகீழாகப் படித்தேன். அவன் வார்த்தைக்கும் இலைக்கும் இடையில் எதை நம்புவது என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தவன் அல்லவா.

அழுவதற்கு நேரமில்லை. சித்தப்பாவின் செடிகள் முதல் கோடைக்குள் நுழைந்திருந்தன, குளம் இல்லாமல். வேலியைத் தாண்டி அந்தச் சரிவுக்கு ஓடினேன். நிழல் மரத்துக்குக் கீழே சித்தப்பா சருகு கூட்டிக்கொண்டிருந்தார். இளம் தூர்களின் இலை அப்போதே லேசாக மடங்கியிருந்தது. செடிக்குத் தண்ணீர் வேண்டும் சித்தப்பா, உடனே வேண்டும் என்றேன்.

"என்னத்தா சொல்ற. இது தண்ணி கேக்காத செடில்ல" என்றார்.

முழுவதும் சொன்னேன். குழாய், சிரட்டை, இலை, எல்லாம். கூட்டிய சருகைக் கையில் வைத்தபடியே கேட்டார். அண்ணனைத் திட்டுவார், என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. எத்தனை நாளைக்குள் ஊற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டார். பிறகு தூரத்தில் வற்றிக் கிடந்த தன் குளத்தைப் பார்த்தார். கிழிந்த படுதா காற்றில் படபடத்தது.

அன்று மத்தியானமே அண்ணன் எங்கள் குளத்தில் இருந்து ஓஸை இழுத்துக்கொண்டு வேலிக்கு வந்து நின்றான். சித்தப்பா அவனுக்கு நாலடி தள்ளி நின்றார். என்னைப் பார்த்து, வெரசா தண்ணிய விடச் சொல்லுத்தா என்றார். நான் திரும்பி, விடச் சொல்கிறார் என்று அண்ணனிடம் சொன்னேன். அந்தக் கோடை முழுவதும் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள். நான் இல்லாத நாட்களில் வேலைக்காரப் பெண்கள் நடுவில் நின்று சொல்லியிருக்கிறார்கள்.

கீழ்ச்சரிவு பிழைத்தது. மேல்சரிவுக்கு ஓஸ் எட்டவில்லை. எட்டினாலும் இரண்டு தோட்டத்துக்குப் போதுமான தண்ணீர் எங்கள் குளத்தில் இல்லை. ஜீப்பில் டிரம் வைத்து ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் வழியில் இருந்த ஓடையும் கையை விரித்தது. மேல்சரிவு என் கண்முன்னால் போனது.

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். நல்லவேளை, கட்டுரை இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றார். அச்சுக்குப் போகவில்லை, மண்ணுக்குப் போய்விட்டது என்று வாய் வரை வந்தது. பிறகு அவர், சாகிற அந்தச் செடிகளில் இலை எடுக்க முடியுமா என்று தயங்கிக் கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். சித்தப்பாதான் போனில், வந்து எடுத்துக்கோ, உனக்காச்சும் ஆகட்டும் என்றார். கேனைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மலையேறினேன். மூடியைப் பிடித்துக்கொள்ள இந்தமுறை சித்தப்பா நின்றார். புகை வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இலைகள் கத்தின. மூன்று கோடையாக நான் தேடிய விடை, பாடப்புத்தகத்தில் போடலாம் போல் அவ்வளவு சுத்தமாக வந்தது. தண்ணீர் கிடைத்த கீழ்ச்சரிவு ஒரு பக்கம், கிடைக்காத மேல்சரிவு மறு பக்கம், ஒரே தாயின் பிள்ளைகள். ஆய்வகத்தில் எல்லாரும் என் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இன்னொன்றும் கீழ்ச்சரிவின் இலைகளில் பார்த்தேன். ஒருமுறை தாகத்தில் துவண்டு, தண்ணீர் கிடைத்துத் தேறிய செடி பழைய செடியாக இருப்பதில்லை. அடுத்த தடவை மண் கொஞ்சம் காய்ந்தாலே போதும், மற்றச் செடிகளுக்கு முன்னால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். எல்லாச் செடியும் அப்படி இல்லை, ஆனால் பல செடிகள் அப்படி. அதற்கு மூளை கிடையாது. பட்டது மட்டும் எங்கேயோ தங்கிவிடுகிறது. எங்கே, எப்படித் தங்குகிறது என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சி.

அண்ணனோடு நான் பேசாமல் இல்லை. வீட்டு விசேஷங்களுக்குப் போகிறேன், மதினி வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிடுகிறேன். அவன் மன்னிப்பும் கேட்டான், அவனுக்குத் தெரிந்த வகையில். சித்தப்பாவின் குளத்துக்குப் புதுப் படுதாவை அவனே தோளில் சுமந்து போய் விரித்துவிட்டு வந்தான். சித்தப்பா ஏற்றுக்கொண்டார். அவருக்குப் பெரிய மனசு. எனக்கு அவ்வளவு கிடையாது.

போன வைகாசியில் ஒரு மாலை அண்ணன் போன் பண்ணினான். மேல்சரிவில் சித்தப்பா மறுபடி நடுவதற்கு மழைக்காகக் காத்திருந்த நேரம் அது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். மலையில் நல்ல மழை, மத்தியானத்தில் இருந்து விடாமல் கொட்டுகிறது, குளம் நிறைகிறது என்றான். போனை வெளியே நீட்டு என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தகரக் கூரையில் சடசடவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஓஸை எடுத்துத் தகரத்தின் மேல் பிடித்தாலும் இதே சத்தம்தான் வரும் என்று நினைத்தேன்.

சரி அண்ணே, வைக்கிறேன் என்று வைத்துவிட்டு, சித்தப்பாவுக்குப் போட்டேன். அங்கே மழையா சித்தப்பா என்று கேட்டேன்.

"பெய்யுதுத்தா, நல்ல மழை. ஏன், உங்கண்ணன் சொல்லலையா?" என்றார்.

சொன்னான் என்றேன்.